இன்மையும் மறுப்பும்: வங்கச் சிறுகதையில் எதிர்மறை வாக்கியம்

வங்கச் சிறுகதை பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அதன் பொருள் பற்றியே எழுதுகின்றனர். தாகூரின் மனிதாபிமானம், மாணிக் பந்தோபாத்யாயவின் வர்க்க நோக்கு, மகாசுவேதா தேவியின் பழங்குடி மக்கள் சார்பு என்றவாறு உரைகள் அமைகின்றன. இவை வேண்டியனவே. ஆயினும் இக்கதைகள் எம்மைத் தாக்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு இவற்றில் விடை கிடைப்பதில்லை. முற்போக்கு அணியினரிடையே மொழிநடை பற்றிப் பேச முற்படுபவரை உருவவாதி எனச் சந்தேகிக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. நடையியலாளரோ வாக்கியங்களை வகைப்படுத்தி எண்ணுவதுடன் தம் பணி முடிந்ததெனக் கருதுகின்றனர். ஒரு கதையில் முப்பது எதிர்மறை வாக்கியங்கள் உள்ளன என்று அறிவதால் ஆவது என்ன? அந்த 'இல்லை'யை எவர், எவருக்கு, எந்நிலையில் நின்று சொல்கிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. நடையும் சமுதாயமும் சந்திக்குமிடம் அதுவே.

கதை என்பது நிகழ்ந்தவற்றின் கோவை. நிகழாதவையோ எண்ணற்றவை. நேற்று மாலை திருகோணமலைத் துறைமுகத்தில் நிகழாதவற்றை எழுதப் புகுந்தால் அதற்கு முடிவே இராது. அவ்வாறிருக்க, 'பொழுதுபட்டும் வள்ளம் வரவில்லை' என்று ஒருவர் எழுதினால், வராத எத்தனையோ வள்ளங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து எம் முன் நிறுத்துகிறார். வள்ளம் வருமென்று எவரோ கரையில் காத்து நிற்கிறார் என்பது சொல்லப்படாமலே தெரிந்துவிடுகிறது. நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதிக் கறுப்பின இளைஞரின் வாய்மொழிக் கதைகளை ஆராய்ந்த வில்லியம் லபோவ், நிகழ்ந்ததை நிகழாததோடு ஒப்பிட்டுக் கதையை மதிப்பிடும் உத்தியாக எதிர்மறையை 1972இல் விளக்கினார். கேட்போர் மனதில் உடன்பாட்டுக் கருத்து முன்னரே இருக்கும்போதுதான் எதிர்மறை வாக்கியம் இயல்பாகப் பிறக்கிறதென்று தல்மி கிவோன் 1978இல் எழுதினார். இவ்விருவரும் எதிர்பார்ப்பு என்பதைத் தரப்பட்ட ஒன்றாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் எதிர்பார்ப்பு வானத்திலிருந்து விழுவதன்று. உழைத்தவன் கூலியை எதிர்பார்ப்பதும், ஆண்டை பணிவை எதிர்பார்ப்பதும், கணவன் மனைவியின் மௌனத்தை எதிர்பார்ப்பதும் உற்பத்தி உறவுகளும் குடும்ப உறவுகளும் உருவாக்கிய எதிர்பார்ப்புகள். எதிர்மறை வாக்கியம் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

இனி மொழியமைப்பைச் சிறிது நோக்குவோம். வங்கமொழியில் எதிர்மறை ஒரே சொல்லால் அமைவதில்லை. ஒன்றின் இன்மையை உணர்த்துவது 'நேஇ'. 'ஆமார் டாகா நேஇ' என்றால் என்னிடம் பணம் இல்லை என்பது பொருள். ஒன்று மற்றொன்று அன்று எனக் கூறுவதற்குரியது வேறு சொல். அது இடத்துக்கேற்பத் திரியும். தன்மையில் 'நொஇ', படர்க்கையில் 'நொய்'. வினையை மறுப்பது 'நா'. முடிந்த வினையை மறுப்பது 'நி'. 'ஷே ஜாய் நா' எனில் அவன் போவதில்லை. 'ஷே ஜாய் நி' எனில் அவன் போகவில்லை. நிகழ்கால வடிவமே இங்கு இறந்தகால மறுப்பையும் தாங்குகிறது.

தமிழ் வாசகருக்கு இப்பாகுபாடு புதியதன்று. தொல்காப்பியர் குறிப்பு வினையின் பொருள்களைக் கூறுமிடத்து இன்மையையும் அன்மையையும் வேறுவேறாக வைத்தார். எமது 'இல்லை', 'அல்ல' என்பனவற்றின் வேறுபாடு அது. அல்லேன், அல்லை, அல்லன் என நாம் இடங்காட்டுவது போலவே வங்கமும் அன்மைச் சொல்லில் இடங்காட்டுகிறது. இந்தியில் எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னே வர, வங்கத்தில் முற்றுவினைக்குப் பின்னே வருகிறது. இதைத் திராவிட மொழிகளின் செல்வாக்கோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. அவ்விவாதம் இங்கு வேண்டியதில்லை. நடையைப் பொறுத்தவரை முக்கியமானது யாதெனில், வங்கத்திலும் தமிழிலும் வாக்கியத்தின் இறுதிச் சொல்லில்தான் அது கவிழ்கிறது என்பதாகும். ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி வங்கக் கதைகளைப் படிப்போர் இழப்பது இதனையே. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னரே வந்து வாசகரை எச்சரித்துவிடுகிறது.

இன்னொரு செய்தி இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது. வங்கத்தின் 'நேஇ' இடம் காட்டாது. எனக்கும் உனக்கும் அவர்களுக்கும் ஒரே 'நேஇ'தான். ஆனால் 'நா' சேரும் வினை இடம் காட்டும். போகமாட்டேன் என்பதற்குரிய 'ஜாபோ நா' தன்மையைக் காட்டியே நிற்கும். தமிழிலும் இதுவே நிலை. இல்லை, முடியாது, கூடாது, வேண்டாம் என்பன எவரையும் சுட்டா. மாட்டேன், மாட்டாய், மாட்டார்கள் என்பன சுட்டும். இன்மைக்கு எழுவாய் தேவையில்லை. மறுப்புக்கு ஓர் ஆள் தேவை. இலக்கணத்தை வர்க்கப் போராட்டத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் காணும் கொச்சைத்தனத்துக்கு நான் உடன்படேன். எனினும் மொழி வழங்கும் இவ்வேறுபாட்டை எழுத்தாளர் எங்ஙனம் பயன்படுத்துகின்றனர் என்பது வரலாறு சார்ந்த வினாவே.

தாகூரிடமிருந்து தொடங்குவோம். 1892இல் வெளிவந்த 'ஜீபித ஓ ம்ருத' என்னும் கதையில், சமீந்தார் வீட்டு விதவையான காதம்பினி இறந்துவிட்டாள் என்று கருதிச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கு உணர்வு பெற்று எழுகிறாள். தோழியின் வீட்டில் தங்குகிறாள். இறுதியில் புகுந்த வீட்டுக்கு மீண்டபோது அவள் உயிரோடிருப்பதை எவரும் ஏற்பதாயில்லை. குளத்தில் வீழ்ந்து மாள்கிறாள். மாண்டதன் மூலம் தான் மாளவில்லை என்பதை அவள் நிறுவினாள் என்ற கருத்தமைந்த வாக்கியத்தோடு கதை முடிகிறது. வங்க வாசகர் பலருக்கு மனப்பாடமான முடிவு இது. அதன் இறுதிச் சொல் 'நாஇ'. சாது நடையில் இது இன்மைச் சொல்லாகவும் முடிந்த வினையின் மறுப்பாகவும் நிற்பது. பேச்சு நடை இதனையே 'நேஇ' எனவும் 'நி' எனவும் பிரித்துக்கொண்டது. ஆகவே அவள் சாகவில்லை என்ற செய்தியோடு 'இல்லை' என்ற வெறுமையும் அச்சொல்லில் ஒலிக்கிறது. தமிழின் 'சாகவில்லை' இவ்விரு பொருளையும் அவ்வாறே தாங்கக்கூடியது. இம்முரண் வெறும் சாதுரியமன்று. கணவனும் பிள்ளையும் சொத்தும் அற்ற பெண்ணுக்கு நிலவுடைமைக் குடும்பத்தில் இடம் இல்லை. வாழ்கிறேன் என்ற உடன்பாட்டு வாக்கியத்தைச் சொல்லும் அதிகாரம் அவளுக்குத் தரப்படவில்லை.

எதிர்மறைச் சொல்லே இன்றி எதிர்மறை அமைவதும் உண்டு. 1891இல் வெளிவந்த 'போஸ்ட்மாஸ்டர்' கதையில் அநாதைச் சிறுமி ரதன், தன்னையும் உடன் அழைத்துச் செல்வீரா என்று கேட்கிறாள். அஞ்சலதிபர் இல்லை என்று சொல்வதில்லை. அது எப்படி ஆகும் என்னும் பாங்கில் சிரித்தபடி ஒரு வினாவை எழுப்புகிறார். மறுப்புக்குரிய பொறுப்பை ஏற்காமலே மறுத்துவிடும் நடுத்தர வர்க்கத்துப் பண்பு இது.

1893இல் வந்த 'சாஸ்தி' இன்னும் கடுமையானது. சமீந்தாரின் கச்சேரிக் கூரையை வேய வலிந்து இழுத்துச் செல்லப்பட்ட உழைப்பாளிச் சகோதரர் இருவர் நாள் முழுவதும் மழையில் நனைந்து, உரிய கூலியின்றிப் பசியோடு வீடு திரும்புகின்றனர். மூத்தவன் சோறு கேட்கிறான். மனைவியும் இல்லை என்று சொல்வதில்லை. அரிசி தந்துவிட்டா போனாய் என்ற கருத்துப்பட எதிர்வினா எழுப்புகிறாள். அவ்வினா அவளது உயிரைப் பறிக்கிறது. இங்கு உண்மையான 'இல்லை' சொல்லப்பட்ட இடம் கச்சேரி. கூலி இல்லை என்பது அங்கு தொடங்கி, அரிசி இல்லையாகி, சோறு இல்லையாகி, வீட்டின் மிக வலிமை குன்றிய உறுப்பினர் மீது வந்து விழுகிறது. கொலைப்பழியைத் தன் மனைவி சந்தரா மீது சுமத்தும் இளையவன், மனைவி போனால் வேறொருத்தி கிடைப்பாள், அண்ணன் போனால் கிடைக்கமாட்டான் எனக் கணக்கிடுகிறான். அதன் பின் சந்தரா தப்பும் வழிகள் அனைத்தையும் தானே அடைத்துக்கொண்டு தூக்குமேடையைத் தேர்ந்தெடுக்கிறாள். கணவன் காண விரும்புகிறான் என்று சொல்லப்பட்டபோது அவள் வெளியிடும் ஒற்றைச் சொல்லில் எதிர்மறை உருபு எதுவுமில்லை. ஆயினும் தாகூர் கதைகளில் அதனினும் முழுமையான மறுப்பை நான் கண்டதில்லை.

1914இல் 'சபுஜ் பத்ர' இதழில் வந்த 'ஸ்திரீர் பத்ர' இவ்வளர்ச்சியின் அடுத்த படி. பேச்சு நடையில் அமைந்த கடித வடிவக் கதை அது. மாக்கன் பொரால் சந்தின் 27ஆம் எண் வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என மிருணாள் கணவனுக்கு எழுதுகிறாள். தன்மை வினையும் 'நா'வும் சேர்ந்த வாக்கியம். ரதனுக்கும் காதம்பினிக்கும் வாய்க்காத எழுவாய் மிருணாளுக்கு வாய்த்தது. அவள் கல்வியறிவுள்ள மேற்குடிப் பெண் என்பதையும் மறந்துவிடலாகாது.

தாகூருக்குப் பின் வந்த வங்கச் சிறுகதையை 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலிருந்து பிரித்துப் பார்க்கவியலாது. அப்பஞ்சத்தின் பின்னணி திருகோணமலையில் இருந்து பார்ப்போருக்கு அந்நியமானதன்று. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. வங்காளமும் இலங்கையும் ஒரே காலத்தில் பர்மிய அரிசியை இழந்தன. இறக்குமதி அரிசியில் பெரிதும் தங்கியிருந்த இலங்கையில் 1942இல் பங்கீட்டு முறை வந்தது. திருகோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாதலால் இத்தீவை உண்பிப்பது யுத்தத் தேவையாயிற்று. வங்கக் கிராமப்புறத்துக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் கிட்டவில்லை. மாறாக, பகைவர் கைக்கு எட்டாதிருக்க வேண்டுமென்று 1942இல் கரையோர மாவட்டங்களில் நெல் அகற்றப்பட்டது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் பல்லாயிரக்கணக்கில் பறிக்கப்பட்டன, அழிக்கப்பட்டன. ஆட்சியாளர் இதற்கு இட்ட பெயரே மறுப்புக் கொள்கை என்பது. யப்பானியருக்கு மறுப்பதாகச் சொல்லி மீனவனுக்கும் உழவனுக்கும் மறுத்தனர். பஞ்ச விசாரணைக் குழு 1945இல் மாண்டோர் தொகையை ஏறத்தாழ 15 இலட்சம் என மதிப்பிட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை கணித்துள்ளனர்.

இத்தனை பேர் மாண்டபோது கல்கத்தாவில் உணவு விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. வணிகரின் களஞ்சியங்களில் அரிசி இருந்தது. பஞ்சத்தின் நடுவே எழும் இயல்பான வினாவையே மாணிக் பந்தோபாத்யாய (1908–1956) தம் கதை ஒன்றுக்குத் தலைப்பாக்கினார். 'சினியே காய்நி கேனோ', அதாவது 'பறித்துத் தின்னவில்லை, ஏன்?' 1944இல் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்த எழுத்தாளர் அவர். வாழ்ந்தவர் செய்ததைப் பற்றியதன்று இக்கதை. மாண்டவர் செய்யாததைப் பற்றியது. கொள்ளையனாக வாழ்ந்த ஜோகி, படித்த பாபு ஒருவருக்கு விடை கூறுகிறான். ஏழை உழவர் இயல்பிலேயே அடங்கியவர், விதியை நம்புபவர் என்ற வகையில் கற்றோர் தரும் விளக்கங்களை அவன் ஏற்பதில்லை. உணவின்றிப் போனால் வற்றுவது உடல் மட்டுமன்று, போராடிப் பறித்துத் தின்று வாழவேண்டுமென்ற உந்துதலும் உடன் வற்றிவிடுகிறது என்பதே அவன் அனுபவத்தில் கண்ட விடை. இன்மையே கலகத்தைத் தோற்றுவிக்கும் என்று எளிதாக நம்பும் எம்மவர்க்கு இது உவப்பான விடையன்று. வறுமை ஓர் எல்லையைக் கடந்ததும் மறுப்பதற்குரிய ஆளையே அழித்துவிடுகிறது. இலக்கண மொழியிற் கூறின், 'நேஇ' பெருகப் பெருக 'நா' சொல்லும் வாய் மூடிப்போகிறது. மார்க்சிய எழுத்தாளர் ஒருவர் தம் அணியின் வசதியான நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த கதை என்பதால் இதனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இத்தலைப்பைத் தமிழாக்கும்போது ஒரு வேறுபாடு நேர்கிறது. வங்க வினை படர்க்கைக்குரியது. அவர்கள் பறித்துத் தின்னவில்லை என்று வரையறுக்கிறது. தமிழின் 'தின்னவில்லை' இடம் காட்டாது. நீ ஏன் தின்னவில்லை, நாம் ஏன் தின்னவில்லை எனவும் அதைக் கேட்கலாம். மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமே நேரும் என்பாருக்கு இது தக்க விடை.

இதே ஆசிரியரின் 'ஷில்பி' கதையில் மறுப்பு வேறொரு வடிவு கொள்கிறது. நூல் கிடையாது நெசவாளர் வாடுகின்றனர். வணிகரின் தரகனான புவன், தான் தரும் நூலைக் கொண்டு மலிவான துணியைக் கூலிக்கு நெய்யுமாறு வற்புறுத்துகிறான். உயர்ந்த கைவினைஞனான மதன் இணங்குவதில்லை. ஓர் இரவு அவனது தறியோசை கேட்கிறது. மதனும் பணிந்துவிட்டான் என்று ஊரார் காலையில் வந்து கூடுகின்றனர். தறி ஓட்டாததால் கால்கள் பிடித்துக்கொண்டன, ஆகவே வெறுந்தறியை ஓட்டினேன் என்கிறான் அவன். புவனின் நூலை வாங்கி உங்களுக்குத் துரோகம் செய்வேனா என்ற கருத்தில் வினவுகிறான். அஞ்சலதிபரின் வினாவையும் மதனின் வினாவையும் ஒப்பிட்டு நோக்குக. இலக்கண வடிவம் ஒன்றே. முன்னது பொறுப்பிலிருந்து நழுவுவது. பின்னது தோழருக்குத் தந்த வாக்கைக் காப்பது. நடையியலாளரின் பட்டியலில் இவ்விரண்டும் ஒரே கூண்டில் அடைபடும்.

எமது மாவட்டத்துச் சிறுகதையில் இதற்கு ஒப்பானது உண்டா எனின், 1925இல் மூதூரிற் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' உடனே நினைவுக்கு வருகிறது. கடற்றொழிலாளர் குடும்பத்து இளைஞன் ஒருவனுக்குச் சொந்தத் தோணி இல்லாமையே கதையின் அச்சு. தோணி இங்கு அழகிய கடற்கரைக் காட்சியின் உறுப்பன்று, உற்பத்திச் சாதனம். அது இல்லாதவன் உழைப்பு இன்னொருவனுக்குச் செல்கிறது. அவன் ஆசைகளும் அதனோடு செல்கின்றன. கதை நிகழும் தளம் இன்மையின் தளம். அதைக் குறையெனக் கூறுவது பொருந்தாது. இன்மையை இத்துணைத் துலக்கமாக ஒரு பொருளில் குவித்துக் காட்டிய ஈழத்துக் கதைகள் சிலவே.

இப்பகுதிப் பேச்சுமொழியில் இவ்வாய்வுக்குரிய அருமையான சான்றொன்றும் உண்டு. 'கடலுக்குப் போக ஏலாது' என்பதும் 'கடலுக்குப் போகமாட்டன்' என்பதும் கரைவலைத் தொழிலாளி நன்கறிந்த வேறுபாடு. முன்னதைக் காற்றும் கடலும் காய்ச்சலும் சொல்லலாம். பின்னதைச் சம்மாட்டிக்கு முன் நின்று ஒருவன் தன் வாயாற் சொல்ல வேண்டும். ஆனால் 'மாட்டு' என்ற வினை பழந்தமிழில் ஆற்றலையே குறித்தது. மாட்டேன் என்றால் என்னால் இயலாது என்பதே அன்றைய பொருள். இயலாமையைக் குறித்த சொல் காலப்போக்கில் மறுப்பைக் குறிக்கலாயிற்று. இயலாது என்று சொல்வது போலக் காட்டி மறுத்துப் பழகியவர்கள் எத்தனை தலைமுறையினரோ!

இன்மைச் சொல்லே மறுப்பாக மாறும் தருணம் ஒன்று வங்கச் சிறுகதையிலும் உண்டு. மகாசுவேதா தேவி 1978இல் வெளியிட்ட 'திரௌபதி' என்ற கதையில் சந்தால் இனப் போராளி தொப்தி படையினரிடம் சிறைப்பட்டு வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்படுகிறாள். காலையில் ஆடையை உடுத்த மறுத்து, அதிகாரி சேனாநாயக்கின் முன் அந்நிலையிலேயே சென்று நிற்கிறாள். தான் நாணுவதற்கு இங்கு ஆண் எவரும் இல்லை என்கிறாள். அவள் பயன்படுத்துவது வட்டார வழக்கில் வழங்கும் 'நாஇ'. காதம்பினியின் கதையை முடித்த அதே சொல். காதம்பினியைப் பொறுத்தவரை சமூகம் அவள் மீது சுமத்திய இன்மை அது. தொப்தியோ, ஆயுதம் தாங்கிய ஆண்கள் நிறைந்த முற்றத்தைப் பார்த்து ஆண் இல்லை என்கிறாள். அதிகாரத்தை இல்லாததாக்குகிறாள்.

தமிழில் இவ்விடத்தைப் பெயர்ப்போர் இல்லை, அல்லர் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நீங்கள் ஆண்கள் அல்லர் என எழுதினால் அது வசையாகும். எதிரே நிற்பவரை ஏற்று, அவர்களுடைய தகுதியை மட்டும் மறுப்பதாகும். உண்மையான ஆண் வேறெங்கோ உள்ளான், அவன் முன் நாணுவது முறையே என்ற கருத்துக்கும் அது இடந்தரும். இங்கு ஆண் இல்லை என்று எழுதும்போது அவர்கள் கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை. 1981இல் இக்கதையை ஆங்கிலத்தில் தந்த காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் இன்மை வாக்கியத்தையே பேணினார். இரு சொற்களையும் தெளிவாக வேறுபடுத்தி வைத்திருக்கும் மொழி எம்முடையது. ஆதலால் இவ்விடத்தில் 'அல்லர்' என எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் மொழியின் போதாமையைக் காரணங்காட்ட முடியாது.